‘கேனாட்’ என்று நான் எழுதிய பெயர்

இந்த வருடம் ஆங்கிலப் பாடத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு,

போன மாதம் திருத்தணியில் நடந்த பயிற்சிக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, “சார், இஃப் கிளாஸை எப்படி நடத்தினா பசங்க மறக்க மாட்டாங்க?” என்று என்னைக் கேட்டார். நேரமாகிவிட்டது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். நேரம் நிறைய இருந்தது. எனக்குத்தான் அந்தப் பாடத்தின் பேரைக் கேட்டாலே வாய் அடைத்துப்போகிறது. அது ஏன் என்பதை அத்தனை பேர் எதிரில் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இது நடந்தால் அது நடக்கும் என்கிற ‘இஃப்’ வாக்கியத்தின் முதல் பாதியைப் பார்க்கச் சொல்லுங்கள். வினைச்சொல் நிகழ்காலத்தில் இருந்தால் மறுபாதியில் ‘வில்’. இறந்தகாலத்தில் இருந்தால் ‘வுட்’. ‘ஹேட்’ வந்தால் ‘வுட் ஹேவ்’. ஒரு சார்ட்டில் மூன்று கலரில் எழுதி மாட்டினால் முடிந்தது வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த ஆசிரியர் கொடுத்த வழி இது. “புரியணும்னு நிக்காதீங்க சார். இந்தப் பாதியைப் பாத்து அந்தப் பாதியை ஒட்டத் தெரிஞ்சா போதும், ரெண்டு மார்க்கு” என்றார். ‘மே’, ‘மைட்’, ‘குட்’ எல்லாம்கூட அந்த இடத்தில் வரலாமே என்று கேட்டேன். “வரலாம். ஆனா நீங்க வாயைத் திறக்காதீங்க. சொன்னீங்கன்னா எல்லாத்துக்கும் ‘மே’ போட்டுட்டு உக்காந்திருப்பாங்க” என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. முப்பத்து மூன்று மார்க்கோடு நின்றுபோன பிள்ளைகளை நிறையப் பார்த்தவர். இரண்டு மார்க்கின் கனம் அவருக்குத் தெரியும். நானும் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நடத்தினேன். நீங்களும் அப்படியே நடத்துங்கள், ஒன்றும் முழுகிவிடாது.

ஆனால் கட்டாயம் நடக்கும், நடந்தாலும் நடக்கலாம், நடக்கவே நடக்காது என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிற வேலை கரும்பலகையோடு முடிவதில்லை. பெற்றோர் எதிரில், தலைமையாசிரியர் எதிரில், ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் வைத்துக்கொண்டு அதை நீங்கள் செய்தாக வேண்டும். அதற்கு எந்த சார்ட்டும் கிடையாது. நான் அதில் இரண்டு தடவை தவறினேன். முதல் தவறுக்கு வருத்தம் மட்டும்தான். இரண்டாவது இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.

முதல் தவறு திருத்தணியிலேயே நடந்தது. மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல் வேலை பார்த்தவர் ஒருவர். அவருடைய மகன் என்னிடம் பத்தாவது படித்தான். ஒருநாள் வேலை முடிந்து, படி இறங்கிய வேர்வை காயாமல் நேராகப் பள்ளிக்கு வந்தார். “பையன் தேறுவானா சார்? இல்லேன்னா இப்பவே மடப்பள்ளியில என்னோட சேத்துண்டுடறேன். படிப்பு படிப்புன்னு அவனையும் கெடுத்து என்னையும் கெடுத்துக்க வேண்டாம்” என்றார். புது ஆசிரியன் இல்லையா, எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “படிச்சா பாஸாயிடுவான். நான் சொல்றேன்” என்றேன். படித்தால் என்று நான் சொன்ன பாதி அவர் காதில் ஏறவில்லை. பாஸாகிவிடுவான் என்கிற பாதி மட்டும் ஏறிவிட்டது. பையன் இரண்டு பாடத்தில் போய்விட்டான். ரிசல்ட் வந்த அன்று அவர் சண்டைக்கு வந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். பள்ளி வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். “நீங்க சொன்னேளே சார்” என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் உறுதி சொன்னதில்லை. எந்தப் பெற்றோர் கேட்டாலும் “பாக்கலாம்”, “முயற்சி பண்ணட்டும்” என்பேன். நிதானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பேர் நிதானம் இல்லை, பயம். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நான் செய்தது அந்தப் பயத்தில் செய்ததுதான்.

சில வருடம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. பொதட்டூர்பேட்டைப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. ஊர்ப் பேர் வேண்டாம். திருத்தணியிலிருந்து காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன். ஊர் முழுக்கத் தறி. பாடம் நடத்தும்போது ஜன்னல் வழியாக விசைத்தறிச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். கரண்ட் போனால் ஊரே சட்டென்று அமைதியாகிவிடும். அப்போது மட்டும் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்கும்.

அங்கே நான் பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், கோமளா என்ற பெண் அந்த வகுப்பில் இருந்தாள். வீட்டில் இரண்டு தறி, லுங்கி நெய்தார்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பேர். ஒரு பாவு நெய்து முடிந்து புதுப் பாவை ஏற்றும்போது, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையைச் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். ஆயிரக்கணக்கில் இருக்கும். கோமளாவின் விரல் அதில் வேகம். தன் வீட்டுத் தறிக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுத் தறிக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த நாட்களில் விடியற்காலையில் உட்கார்ந்தாள் என்றால் பத்தரை, பதினொன்றுக்குத்தான் பள்ளிக்கு ஓடிவருவாள். விரல் நுனியெல்லாம் சாயம் ஏறியிருக்கும்.

அந்த ஊரில் அப்படி வருகிற பிள்ளைகள் நாலைந்து பேர் உண்டு. அவர்களுக்காக வகுப்பாசிரியர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். காலையில் வருகைப் பதிவேட்டில் அவர்கள் கட்டத்தில் ஆப்சென்ட் போட மாட்டோம். பென்சிலால் ஒரு புள்ளி வைப்போம். பிள்ளை வந்து சேர்ந்ததும் புள்ளிமேல் பேனாவால் கோடு இழுத்தால் பிரசென்ட். சட்டப்படி சரியா என்று கேட்டால் சரியில்லைதான். ஆனால் அந்தப் புள்ளி இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பிள்ளைகள் எட்டாவதோடு நின்றிருப்பார்கள். நான் கொஞ்சம் சோம்பேறி. அன்றன்றைக்குக் கோடு இழுக்க மாட்டேன். மாதக் கடைசியில் மொத்தமாக இழுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். அந்த வருடம் மாதக் கடைசியிலும் விட்டுவிட்டேன். அரையாண்டு முடிந்தபோது கோமளாவின் வரிசையில் நிறையப் புள்ளிகள் புள்ளிகளாகவே நின்றன.

ஆங்கிலத்தில் அவள் சுமார். அரையாண்டில் இருபத்தொன்பது வாங்கினாள். கணக்கில் அறுபதுக்கு மேல். இஃப் கிளாஸ் நடத்திய அன்று சொந்தமாக ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன். ஐந்திலும் ‘மே’ போட்டிருந்தாள். கரண்ட் வந்தால் எங்கள் அப்பா நெய்யலாம், நூல் வந்தால் எங்கள் அப்பா நெய்யலாம், இப்படி. எல்லாவற்றையும் சிவப்பில் அடித்து, ‘வில்’ எங்கே என்று கேட்டேன்.

“கரண்ட் வந்தா நெய்வாருன்னு எப்டி சார் சொல்றது? நூலு இருக்கணும், நைனாவுக்கு ஒடம்பு நல்லா இருக்கணும், தறி மக்கர் பண்ணாம இருக்கணும்” என்றாள்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மார்க் போடவில்லை. சார்ட்டைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

அந்த வருடம் தலைமையாசிரியர் புதிது. தெற்கத்திக்காரர், நேர்மையானவர். தேர்ச்சி ஆய்வுக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் ஆசிரியர்களைக் கூப்பிட்டார். முகம் கறுத்திருந்தது. மாவட்டத்தில் தேர்ச்சி குறைந்த பள்ளித் தலைமையாசிரியர்களை எல்லார் எதிரிலும் எழுப்பி நிற்க வைத்திருக்கிறார்கள். “இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டையர் ஆகப் போறேன். சின்னப் பையன் மாதிரி முக்கால் மணி நேரம் நின்னேன் சார்” என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது. எங்களுக்கும் கஷ்டமாக இருந்தது.

பிறகு, ஒவ்வொரு பாடத்துக்கும் பிள்ளைகளை மூன்று வரிசையாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். பாஸாகிவிடுவார்கள், முயன்றால் ஆகலாம், ஆகவே மாட்டார்கள். நான் ஆங்கில வாத்தியார் ஆயிற்றே, புத்திசாலித்தனத்தைக் காட்டாமல் இருப்பேனா? வரிசைகளுக்கு ‘வில்’, ‘மே’, ‘கேனாட்’ என்று தலைப்புப் போட்டுக் கொண்டுபோனேன். அவருக்குப் பிடித்துவிட்டது. எல்லாரையும் அப்படியே எழுதச் சொன்னார். ஒரு வாரத்தில் ஆசிரியர் அறையில் அதுவே பேச்சாகிவிட்டது. “உங்களுக்கு எத்தனை கேனாட் சார்?” என்று டீ குடித்துக்கொண்டே கேட்டுக்கொள்வோம். பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

என் பட்டியலில் ‘மே’ வரிசையில் பதினொரு பேர். தலைமையாசிரியர் எண்ணிப் பார்த்தார்.

“மே பத்துக்கு மேல வேணாம் சார். ஸ்பெஷல் கிளாஸ் எடுக்க எனக்கு இருக்கறது ஒரு ரூம். ஒருத்தரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிடுங்க.”

“கேனாட்ல போட்டா என்ன சார் செய்வீங்க?”

“நாமினல் ரோல் அனுப்பறதுக்குள்ள பேசி நிறுத்திடலாம். அட்டெண்டன்ஸ் குறைஞ்சா அதுவே காரணம். யாரும் கேக்க மாட்டாங்க. நாளைக்குக் காலையில வேணும்.”

நாமினல் ரோல் என்பது பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியல். அதில் பேர் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் வராது.

பதினோராவது பேர் கோமளா. மாலை மணி அடித்த பிறகு பஸ்ஸுக்கு அரைமணி நேரம் இருந்தது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அந்தப் பேரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘வில்’ என்று எழுதலாம். கணக்கில் அறுபது வாங்குகிற பெண் ஆங்கிலத்தில் முப்பத்தைந்து எடுக்க மாட்டாளா? ஆனால் எழுதிக் கொடுத்து அவள் தவறிவிட்டால், அடுத்த கூட்டத்தில் தலைமையாசிரியர் நிற்பார், அவர் என்னை நிற்க வைப்பார். நீங்க சொன்னீங்களே சார் என்று கேட்பார். அந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டது போதும் என்று இருந்தது. ‘கேனாட்’ என்று எழுதினால் என்னை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

எழுதினேன். பிறகு பதிவேட்டை எடுத்து, அவள் வரிசையில் இருந்த பென்சில் புள்ளிகளையெல்லாம் பேனாவால் ஆப்சென்ட் ஆக்கினேன். அந்த நாட்களில் எல்லாம் அவள் வந்திருந்தாள். என் எதிரில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மொத்தம் பத்து நிமிட வேலை. பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய அப்பா வந்தார். தறியை நிறுத்திவிட்டு வந்திருப்பார் போலும், சட்டையெல்லாம் நூல் தும்பு. கோமளா அவர் பின்னால் நின்றாள்.

“சார், பொண்ணு பேரு லிஸ்ட்டுல இல்லியாம். ரெண்டு நாளா சாப்டாம அய்துகினு கீது. இன்னா சார் தப்பு பண்ணுச்சு?”

“தப்பு ஒண்ணும் இல்லைங்க. அட்டெண்டன்ஸ் பத்தலை.”

“லேட்டா வரும் சார், வராம இருக்காதே. நான்தான் பாவுக்கு ஒக்கார வெச்சிடறேன். என் தப்பு சார் அது. எதுனா எய்தி குடுத்தா சரி பண்ண முடியாதுங்களா?”

முடியும். அப்போதும் முடியும். பட்டியல் அலுவலகத்தில்தான் இருந்தது, இன்னும் போகவில்லை. தலைமையாசிரியரிடம் போய், சார், புள்ளிகளை நான்தான் மாற்றினேன், இந்தப் பெண் எழுதட்டும் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. நான் சொன்னது வேறு.

“அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதட்டுங்க. நிதானமா படிச்சு எழுதினா கட்டாயம் பாஸாயிடுவா.”

கவனித்தீர்களா? அத்தனை வருடம் யாருக்கும் சொல்லாத உறுதியை அன்றைக்கு எவ்வளவு தாராளமாகக் கொடுத்தேன்! அவள் அடுத்த வருடம் எழுதினால் அந்த ரிசல்ட் எங்கள் பள்ளிக் கணக்கில் வராது. யாரும் என்னிடம் வந்து கேட்க முடியாது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது.

“சார் சொன்னா சரிதான். ஆங், வாம்மா” என்று அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். பிரைவேட்டாக எழுத எங்கே விண்ணப்பம் வாங்க வேண்டும், எப்போது பணம் கட்ட வேண்டும் என்றுகூட நான் அவர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

ரிசல்ட் வந்தது. தேர்ச்சி நன்றாக ஏறியிருந்தது. தலைமையாசிரியரை அடுத்த கூட்டத்தில் பாராட்டினார்கள். அவர் பள்ளிக்கு வந்து எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். அன்று மாலை பழைய பட்டியலை எடுத்து ரிசல்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ‘வில்’ என்று நான் எழுதியவர்களில் இரண்டு பேர் ஆங்கிலத்திலேயே தவறியிருந்தார்கள். ‘மே’ வரிசையில் பத்துக்கு ஏழு பேர் பாஸ். அவர்களில் மூன்று பேர் அரையாண்டில் கோமளாவைவிடக் குறைவாக வாங்கியவர்கள். மூன்று வரிசையில் ‘கேனாட்’ வரிசை மட்டும்தான் நூற்றுக்கு நூறு சரி. ஏன் சரியாக இருக்காது? எழுதவே விடவில்லையே.

அன்றிலிருந்து அந்த மூன்றாவது சூத்திரத்தை என்னால் பழையபடி நடத்த முடியவில்லை. ‘ஹேட்’ வந்தால் ‘வுட் ஹேவ்’ போடு என்று சொல்லும்போதே நா தடுமாறும். எழுதியிருந்தால் கோமளா பாஸாகியிருப்பாளா, ஆகியிருக்கலாமா, ஆகியிருக்கவே மாட்டாளா? இத்தனை வருடம் இங்கிலீஷ் நடத்தியவனுக்கு அந்தக் கோடிட்ட இடத்தை நிரப்பத் தெரியவில்லை. உங்கள் தலைமையாசிரியரும் ஒருநாள் பட்டியல் கேட்பார். பெரும்பாலும் நல்லவராகத்தான் இருப்பார், பாவமாகத்தான் இருக்கும். அப்போது மூன்றாவது வரிசையைக் காலியாக விட்டுக் கொடுங்கள். கூட்டத்தில் நிற்கச் சொன்னால் நில்லுங்கள். முக்கால் மணி நேரம்தான்.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறேழு வருடம் கழித்து, நான் மறுபடி திருத்தணிக்கே மாற்றலாகி வந்த பிறகு, ஒருநாள் மாலை பஸ் நிலையத்தில் ஒரு பெண் “சார்” என்று கூப்பிட்டாள். கையில் பிளாஸ்டிக் பைல். விரல் நுனியில் ஏறியிருந்த சாயத்தைப் பார்த்துத்தான் யாரென்று தெரிந்தது.

“நல்லா கீறீங்களா சார்? கோமளா சார்.”

அடுத்த வருடமே கல்யாணம் ஆகிவிட்டது என்றாள். ஒரு பெண் குழந்தை. புருஷனுக்கு நுரையீரலில் ஏதோ கோளாறு, தறியில் உட்கார முடியவில்லை. அரக்கோணம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்களாம். காலையும் மாலையும் வேன் வந்து ஏற்றி இறக்கும். அங்கேதான் வேலை கேட்டுப் போய்விட்டு வருகிறாள்.

“பிரைவேட்டா எழுதலையாம்மா?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“எங்க சார். கண்ணாலம், புள்ளன்னு அப்டியே போயிடுச்சி. நான்தான சார் லேட்டா வந்து வந்து அட்டெண்டன்ஸைக் கெடுத்துகினேன். நீங்க இன்னா பண்ணுவீங்க?”

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நீ கெடுத்துக்கொள்ளவில்லை அம்மா, நான் மாற்றி எழுதினேன் என்று. வாயைத் திறந்தேன். “டீ சாப்பிடறியாம்மா?” என்று வந்தது. நான் எப்படிப்பட்ட கோழை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு பைலைத் திறந்தாள். உள்ளே ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஒரு நோட்டீஸ். நோட்டீஸில் ‘பத்தாம் வகுப்பு பாஸ் அல்லது பெயில்’ என்று போட்டிருந்தது.

“டி.சி. போதாதாம் சார். மார்க் ஷீட்டு வேணும்றாங்க. பெயில் ஆனதுகூட பரவால்லியாம். என்னாண்ட அது இல்லியே. உங்களைப் பாத்தது நல்லதாப் போச்சி. கோமளா பத்தாவது பெயிலுன்னு நீங்க ஒரு சர்டிபிகேட் எய்தித் தருவீங்களா சார்?”

பரீட்சை எழுதினவங்களுக்குத்தான் பெயில் என்று சொல்ல முடியும், எழுதாதவங்களுக்கு அப்படிச் சான்றிதழ் தர யாருக்கும் அதிகாரம் இல்லை என்று ஏதோ ஆபீஸ் பாஷையில் விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டாள். கோபம் இல்லை, அழவும் இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பது போலவே கேட்டாள்.

“அப்போ நான் பெயில்கூட இல்லியா சார்?”

“இல்லைம்மா” என்றேன்.